நிறைஞ்ச அமாவாசையில் எண்ணிய வழி

தரையைப் பார்த்து நடக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. "எதைத் தொலைச்சே?" என்று அம்மா கேட்பாள். எதையும் தொலைக்கவில்லை. யார் யார் போயிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். செருப்புத் தடம், வெறுங்கால் தடம், மாட்டுக் குளம்பு, சைக்கிள் டயர் பதித்துவிட்டுப் போன கோடு. நேராகப் போய்க்கொண்டிருந்த ஒரு தடம் திடீரென்று ஓரமாக ஒதுங்கினால், அங்கே என்ன இருந்தது என்று தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் கெட்ட பழக்கத்துக்கு ஒருநாள் சம்பளம் கிடைக்கும் என்று அம்மாவும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் திருச்சிப் பக்கத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு வேலைக்கு வந்தேன். ரோடு, சாக்கடை, பாலம் இவற்றைப் பார்க்கும் இன்ஜினீயர் ஆபீசில் டிரேசர் வேலை. பெரியவர்கள் வரைந்த படத்தின்மேல் மெல்லிய துணியை விரித்து, கீழே தெரிகிற கோடுகளை மசியால் அப்படியே பிரதி எடுக்க வேண்டும். சொந்தமாக ஒரு கோடுகூடப் போடக் கூடாது. டெம்பரரி போஸ்ட். சில மாதத்துக்கு ஒரு தடவை நீட்டித்துக் கொடுப்பார்கள், கொடுக்காமலும் போவார்கள். மாதாமாதம் வீட்டுக்கு நான் அனுப்பும் மணியார்டரை நம்பி அங்கே அடுப்பு எரிந்தது.

ஒருநாள் நகர் வரைபடத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ரோடுகளுக்கு இரட்டைக் கோடு, ஒற்றையடிப் பாதைகளுக்குப் புள்ளிக் கோடு. ஐயம்பேட்டைப் பக்கத்திலிருந்து வயல்களுக்கு நடுவே வருகிற ஒரு புள்ளிக் கோடு, ஊருக்குக் கிழக்கே கால்வாய்க் கரையில் நின்றுவிட்டது. கால்வாய்க்கு இந்தப் பக்கம் அதற்கு நேர் எதிரே இன்னொரு புள்ளிக் கோடு தொடங்கி, நெசவாளர் தெருக்களுக்குள் போனது. நடுவில் ஒன்றுமில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"சார், இந்த வழி ஏன் தண்ணி ஓரத்துல வந்து நிக்குது? அதுவரைக்கும் வந்தவங்க அப்புறம் என்ன பண்ணுவாங்க?"

இன்ஜினீயர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார். நல்ல மனிதர். கூரம் பக்கத்து விவசாயக் குடும்பம். தலை சுத்த வழுக்கை. கோபம் வந்தால் அந்த வழுக்கைதான் முதலில் சிவக்கும், அன்று சிவக்கவில்லை.

"கேக்க வேண்டிய நேரத்துலதான்மா கேக்கறீங்க," என்றார். "நடந்து போறவங்களுக்கும் சைக்கிள்ல போறவங்களுக்கும்னு இந்த வருசம் கொஞ்சம் மானியம் வந்திருக்குது. புதுசா ரோடு போடப் பணம் பத்தாது. இருக்கற வழிங்க எங்கெங்க அறுந்து நிக்குதோ அங்க முடிச்சுப் போடலாம். நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

நெசவு தெரியாதவர் வாயிலும் இந்த ஊரில் இழையும் முடிச்சும்தான் வரும். வழிக்கு முடிச்சுப் போடுவது என்ற பேச்சு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நின்று தலைகளை எண்ணுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்த ஓவர்சியர்களுக்கும் நான் போவது வசதியாகத்தான் இருந்தது.

ஊரைச் சுற்றி இப்படி அறுந்து நின்ற இடங்கள் ஒன்பது கிடைத்தன. பணமோ மூன்றுக்குத்தான் காணும். எந்த மூன்று என்று எப்படி முடிவு செய்வது? இன்ஜினீயருக்கு அதில் குழப்பமே இல்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு காலை, ஆறிலிருந்து ஒன்பது மணி வரை உட்கார்ந்து எண்ண வேண்டும். நடப்பவருக்கு ஒரு கோடு, சைக்கிளுக்கு ஒரு வட்டம். எங்கே அதிகமோ அங்கே முதலில் வேலை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

"வர்ற வியாழக்கிழமை ஆரம்பிச்சுடுங்க," என்று காலண்டரைப் பார்த்துச் சொன்னார். "நிறைஞ்ச அமாவாசை. தொட்டது துலங்கும்."

ஒன்பதில் எதில் தொடங்குவது என்பதை என்னிடமே விட்டுவிட்டார். எனக்கு எதன்மேல் கண் என்று சொல்லத் தேவையில்லை. படத்தில் என்னை வம்புக்கு இழுத்த அந்தக் கால்வாய்க் கரைக்கே முதலில் போனேன்.

வேப்பமரத்தடியில் ஒரு கல். அதில் உட்கார்ந்து நோட்டை மடியில் விரித்துக்கொண்டேன். கால்வாயின் குறுக்கே ஒரு காலத்தில் இரண்டு பனந்துண்டுகள் போட்டிருக்கிறார்கள். ஒன்று உளுத்துத் தண்ணீரில் கிடந்தது, மற்றது கண்ணிலேயே படவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீர். ஆறு மணிக்கு ஆடு ஓட்டிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தாள். பிறகு பால்காரர். பிறகு தர்ப்பணம் கொடுக்கக் குளத்துக்குப் போகிற பெரியவர்கள் இரண்டு பேர், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனார்கள். ஒன்பது மணிக்கு நோட்டைப் பார்த்தால் கைவிரல்களே போதும். சைக்கிள் வட்டம் ஒன்றுகூட இல்லை.

ஆனால் தரை வேறு கதை சொன்னது. இரண்டு கரையிலும் புல் ஒரு முழ அகலத்துக்கு அடியோடு தேய்ந்து போயிருந்தது. மண் கெட்டித்து, வீட்டு வாசல் மாதிரி வழவழப்பாக இருந்தது. கரை இறங்குகிற இடத்தில் ஈர மண்ணில் டயர்த் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. நாலைந்து பேர் நடந்து ஒரு வழி இப்படித் தேயுமா? நோட்டின் ஓரத்தில், "தரை வழுக்கையாக இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை" என்று எழுதி வைத்தேன்.

இன்ஜினீயர் அதைப் படித்துவிட்டுத் தன் தலையைத் தடவிக்கொண்டார். "வழுக்கைக்கெல்லாம் மானியம் கிடையாதும்மா," என்றார். ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மற்ற எட்டு இடங்களையும் அடுத்தடுத்த நாட்களில் எண்ணி முடித்தேன். பஸ் நிலையத்திலிருந்து கோயில் சன்னதிக்கு வருகிற குறுக்கு வழியில் கோடு போட்டுக் கை வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள சந்திலும் அப்படியே. மூன்றாவது, பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற சேற்றுச் சந்து. என் வாடகை அறையும் அந்தச் சந்தில்தான் இருந்தது. எண்ணிவிட்டு ஒன்பது மணிக்கு அதே வழியில் ஆபீசுக்குக் கிளம்பியபோது, எனக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். நானும் நடக்கிறவள்தானே என்று நியாயம் வேறு சொல்லிக்கொண்டேன். இந்த மூன்றும் பட்டியலின் மேலே ஏறின, கால்வாய்க் கரை ஒன்பதாவது இடத்துக்குப் போயிற்று. பட்டியல் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நடக்கிற கூட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே தலையாட்டிவிட்டால் பணம் அந்த மூன்றுக்கும் ஒதுங்கிவிடும்.

வேலை முடிந்தது என்று மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். எனக்கு அந்த வழுக்கை மறக்கவில்லை. ராத்திரி படுத்தால் அந்த வழவழப்பான மண்தான் கண்ணில் நின்றது. செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் விடிகாலையில் எழுந்து, சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று கால்வாய்க்குப் போனேன்.

தூரத்திலேயே சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. எதிர்க்கரையில் ஜனம் வரிசை கட்டி நின்றது. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். பெண்கள் தூக்குச்சட்டியைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார்கள். இந்தப் பக்கம் ஏறியதும் காலை உதறிக்கொண்டு, சைக்கிளில் ஏறி ஊருக்குள் பறந்தார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நோட்டு கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தாலும் அந்த வேகத்துக்கு என்னால் கோடு போட்டிருக்க முடியாது.

என் பக்கத்தில் ஒருத்தி கரையேறிப் புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். கூட வந்த கணவர் சைக்கிளை இறக்கிவைத்துச் செயினைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு மரத்தடியில குந்திக்கினு எழுதிக்கினு இருந்தது நீங்கதானாம்மா?" என்று அவளே கேட்டாள். "ஆடு ஓட்றவங்க சொன்னாங்க. பாலம் வருதாமே?"

அதற்குப் பதில் சொல்லாமல் நான் என் கேள்வியைக் கேட்டேன். "இவ்வளவு பேர் போறீங்களே, அன்னைக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் வரல?"

"என்னிக்கும்மா?"

"போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை."

அவள் விரல் விட்டு எண்ணினாள். பிறகு சிரித்தாள். "அது அமாவாசை ஆச்சே! அமாவாசைக்கு யாரும் தறியில குந்தமாட்டாங்கம்மா. அன்னிக்கு தறிக்காரங்க எல்லாருக்கும் லீவு. தறி ஓடாத நாள்ல நாங்க இன்னாத்துக்கு இந்தத் தண்ணியில எறங்கறோம்?"

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நான் வந்த ஊரில் அமாவாசை என்றால் வாழைக்காய்ப் பொரியல், காக்காய்க்குச் சோறு, அவ்வளவுதான். ஊருக்கு ஊர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்டு என்று எனக்கு எப்படித் தெரியும்? என் இன்ஜினீயருக்குத் தெரியும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்குத்தான் தெரியாது? ஆனால் நல்ல நாள் பார்க்கிறபோது அவர் மனசில் காலண்டர் மட்டும்தான் இருந்தது, தறி இல்லை. நிறைந்த நாள் என்று அவர் அனுப்ப, வெறும் வழியை எண்ணிக்கொண்டு நான் திரும்பியிருக்கிறேன்.

அவள் பேசிக்கொண்டே நடந்தாள், நானும் கூடவே நடந்தேன். அவளும் கணவரும் ஊருக்குள் ஒரு முதலாளி வீட்டுத் தறியில் கோர்வைச் சேலை நெய்கிறார்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக இருக்கிற அந்தச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. குறுக்கு இழையைக் கொண்டுபோகிற கட்டைக்கு நாடா என்று பெயர். உடலுக்கான நாடாவைத் தறியில் உட்கார்ந்தவர் விட, கரைக்கான நாடாவை ஓரத்தில் இருந்து இன்னொருவர் தள்ள வேண்டும்.

"ஓரத்துல நானு, நடுவுல அவரு. ஒருத்தர் வரலன்னா தறி அப்பிடியே நிக்கும். மழை புடிச்சா இந்தத் தண்ணி மாருக்கு மேல வந்துடுது. அப்பால ஐயம்பேட்டை போயி லாரி ரோட்டைப் புடிச்சு சுத்திக்கினு வரணும். ஒரே சைக்கிள்ல ரெண்டு பேரு, எதிர்காத்து வேற. போறதுக்குள்ள பாதி காலை போயிடுது. போன வருசம் தீபாவளிக்கு சேலை லேட்டாயிடுச்சு. இந்தத் தபாவும் லேட்டா வந்தா தறிய வேற ஜோடிக்குக் குடுத்துடுவேன்னுட்டாரு மொதலாளி."

"வேற தறி கிடைக்காதா?"

"ஆம்பளைக்குக் கெடைக்கும்மா. ஓரத்துக்கு அவங்கவங்க வூட்டு ஆளுங்களையே வெச்சுக்கறாங்க. இந்தத் தறியிலதான் ரெண்டு பேரும் ஒண்ணா குந்தறோம்." முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மழைக்குள்ள பாலம் வந்துடுமில்ல?" என்றாள்.

"பாக்கறேன்," என்றேன். இதைவிடக் கையாலாகாத வார்த்தை தமிழில் கிடையாது.

அன்று செவ்வாய். கூட்டம் வெள்ளி. நேராக ஆபீசுக்குப் போய், "சார், நான் எண்ணினது தப்பு, அது அமாவாசை" என்று சொல்ல வேண்டியதுதான். ஒரு நிமிஷ வேலை. நான் சொல்லவில்லை. அந்த மாதம் என் போஸ்டை நீட்டிப்பதற்கான காகிதம் இன்ஜினீயர் மேஜைமேல் கையெழுத்துக்குக் கிடந்தது. ஒரு அமாவாசையைக்கூடக் கவனிக்காதவளுக்கு எதற்கு நீட்டிப்பு என்று யாராவது கேட்டுவிட்டால்? அப்பாவின் இருமல் மருந்து, தம்பியின் ஸ்கூல் பீஸ் எல்லாம் கண்முன் வந்து நின்றன. செவ்வாய் போயிற்று. புதன், வியாழன் போயின. மசிப்பேனாவை வைத்துக்கொண்டு மற்றவர்கள் போட்ட கோடுகளின்மேல் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடச் சந்தின் எண்ணிக்கையில் என்னையே ஒரு தலையாகச் சேர்த்தது வேறு உறுத்தியது. வெள்ளிக்கிழமை காலை என் காகிதத்தில் கையெழுத்து விழுந்தது. அன்று சாயங்காலம் கூட்டத்தில் பட்டியலும் நிறைவேறிற்று.

சனிக்கிழமை சொன்னேன்.

இன்ஜினீயர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அமாவாசை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நாள் பாத்துக் குடுத்ததே நான்தானேம்மா." பிறகு, "நேத்து காத்தால சொல்லியிருந்தீங்கன்னா பட்டியலை மாத்தி எடுத்துக்கினு போயிருப்பேன்," என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்கப்புறம் அவரும் சும்மா இருக்கவில்லை. நிறைவேறிய பட்டியலை அந்த வருஷம் தொட முடியாது என்று மேலே கைவிரித்துவிட்டார்கள். அடுத்த வருஷத்துப் பட்டியலில் கால்வாயை முதலாவதாக எழுதி, தன் கையாலேயே அடிக்கோடு போட்டார். தற்காலிகமாக இரண்டு பனந்துண்டாவது போடலாமே என்று நான் கேட்டதற்கு, பனந்துண்டு எந்த எஸ்டிமேட்டிலும் வராது என்று சலித்துக்கொண்டார். கடைசியில் நெசவாளர்களே ஒரு தென்னைமரத்தைக் கொண்டுவந்து குறுக்கே போட்டார்கள். முதல் மழை வெள்ளத்தில் அது போயே போய்விட்டது. நான் பள்ளிக்கூடச் சந்தில் புதிதாகப் போட்ட சிமெண்டுத் தரைமேல் சேறு படாமல் ஆபீசுக்குப் போய் வந்தேன். ஒவ்வொரு தடவை காலை வைக்கும்போதும் வெட்கமாக இருந்தது.

அந்தத் தப்பால் ஒரு நல்லதும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். அடுத்த பட்டியலில் நான் இன்னொரு பத்தி சேர்த்தேன்: இந்த வழி இல்லாவிட்டால் எவ்வளவு சுற்று, யாருக்கு? தலை எண்ணிக்கையோடு அதையும் பார்த்த பிறகுதான் வரிசை போட வேண்டும் என்று இன்ஜினீயரிடம் வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தேன். எண்ணப் போகிற நாள் தறி ஓடுகிற நாளா என்று கேட்டுக்கொள்ளாமல் நான் ஆபீசை விட்டுக் கிளம்பியதில்லை. நல்ல நாள் பார்க்கமாட்டாளாம், சாமி நம்பிக்கை இல்லாதவளாம் என்று ஆபீசில் எனக்கு ஒரு பேர் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும்.

பொங்கல் முடிந்து சில மாதத்தில் கால்வாய்மேல் சின்னப் பாலம் எழும்பியது. இரண்டு சைக்கிள் உரசாமல் போகிற அகலம். இரண்டு பக்கமும் செம்மண் அடித்துக் கெட்டித்த வழி. திறந்த மறுவாரம், நல்ல தறி நாளாகப் பார்த்து, அதே வேப்பமரத்தடிக் கல்லில் போய் உட்கார்ந்தேன். எண்ணச் சொல்லி யாரும் அனுப்பவில்லை. சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு ஏறி இறங்கின. ஒருவரும் தோளில் எதையும் தூக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். அவர்கள் இரண்டு பேரையும் தேடிக்கொண்டே இருந்தேன். ஒன்பது மணி வரை வரவில்லை.

தூக்குச்சட்டியோடு கடைசியாக வந்த ஒரு பெண்ணைக் கேட்டேன்.

"அவங்களா? மழையில தறி கைமாறிப் போச்சேம்மா. அவரு ஒண்டியா வேற எடத்துல நெய்யறாரு. அந்த அக்கா வாலாஜாபாத் அரிசி மில்லுக்குப் போவுது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்துக்கு அரிசி வாங்கப் போனேன். அரிசி எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், ஏன் அங்கே போனேன் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது மில்லின் களத்தில் அவள் இருந்தாள். அவித்த நெல் பரப்பியிருந்தார்கள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, காலால் நெல்லைத் தள்ளித் தள்ளி, களத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து களத்தோரத்துக்கு வந்தாள்.

"நாஷ்டா ஆச்சாம்மா?" என்று விசாரித்தாள். பிறகு, "வழி ஜோரா இருக்குதாமே, சொன்னாங்க," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பாலம் போன வருஷமே வந்திருக்க வேண்டியது, மூன்று வழிக்குத்தான் பணம் இருந்தது, எந்த வழியில் ஆள் அதிகம் என்று எண்ணிப் பார்த்துத்தான் கொடுத்தார்கள், நான் எண்ணிய அன்று அமாவாசையாகப் போனதால் உங்கள் வழி கடைசிக்குப் போய்விட்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். தெரிந்த பிறகும் பயந்துகொண்டு நான் வாயை மூடியிருந்த நாட்களை மட்டும் அப்போதும் சொல்ல வாய் வரவில்லை.

அவள் நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே கவனமாகக் கேட்டாள்.

"அத்தினி பேரு நடக்கணும்னுட்டா எண்ணிக்கினு இருந்தீங்க?" என்றாள். "அன்னிக்கு நானு வூட்லதான்மா இருந்தேன். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வந்து ஒரு தபா நடந்து காட்டிட்டுப் போயிருப்பேனே."